கொமோடோவுக்கு இரை வைக்கும் வேலை

உயிரியல் பூங்காவில் கொமோடோ டிராகன் என்ற ராட்சத உடும்புக்கு இரை வைப்பதும் அதன் கூண்டைச் சுத்தம் செய்வதும் என் வேலை. பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது விஷத்தைப் பற்றித்தான். எச்சிலில் உள்ள கிருமிதான் இரையைக் கொல்கிறது என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பி இருப்பதை 2009இல் வந்த ஆய்வு காட்டியது. சரி, அது போகட்டும். நான் பேச்சை மானுக்குக் கொண்டுபோய்விடுவேன்.

தோலும் ரோமமுமாக ஆட்டிறைச்சி வைத்தால், செரிக்காததைப் பிறகு கக்கிவிடும். ரோமமும் பல்லும் கொம்புத் துண்டும் சளியில் தோய்ந்து உருண்டையாகக் கிடக்கும். குடலைப் புரட்டும் நாற்றம். அந்தச் சளி அதற்கே பிடிக்காது. கக்கிய கையோடு முகத்தை மண்ணில் தேய்த்துக்கொள்ளும். கையுறை போட்டு உருண்டையைப் பிரித்தால் தின்றது என்ன என்று தெரிந்துவிடும். இந்தோனேசியாவின் கொமோடோ, ரிஞ்சா தீவுகளில் அதில் பெரும்பாலும் ருசா மானின் ரோமம் இருக்கும்.

அங்கே மானைப் பொறுத்துத்தான் உடும்பு. பெரிய தீவுகளில் 3 மீட்டர் வரை வளரும் இதே இனம், மான் குறைவான கிலி மோத்தாங் என்ற குட்டித் தீவில் உருவத்திலேயே சிறுத்துவிட்டது. படார் தீவில் 1970களில் உடும்பு அற்றுப்போனதற்கு மான் வேட்டையைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். தோலுக்குள் நுண்ணிய எலும்புகள் பதிந்திருப்பதால் இதன் தோல் வியாபாரத்துக்கு உதவாது. அதனால் உடும்பை யாரும் பெரிதாகத் தேடிப் போவதில்லை. மானை வேட்டையாடினாலே இது பட்டினியில் குறைந்துவிடுகிறது.

பூங்காவில் பெருக்கிக்கொள்ளலாமே என்பார்கள். முடியும்தான். ஆண் துணையில்லாமலே பெண் முட்டையிட்டுக் கரு வளர்ந்தது 2006இல் இங்கிலாந்துப் பூங்காக்களில் தெரியவந்தது. ஆனால் அப்படிப் பிறப்பவை எல்லாமே ஆண். காட்டில் குஞ்சு முட்டையை விட்டு வந்ததும் மரத்தில் ஏறி, பல்லியும் பூச்சியும் தின்று வளரும். தரையில் பெரிய உடும்பே அதைத் தின்றுவிடும். அந்த வாழ்க்கையை என் கூண்டில் எப்படிக் கொடுப்பது?

2021இல் இந்த இனம் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலுக்கு ஏறியது. வளர்ந்தவை சுமார் 1,380தான். கடல் மட்டம் உயர்ந்து, அடுத்த 45 ஆண்டுகளில் வாழிடத்தில் 30 சதவீதமாவது போகும் என்கிறார்கள். பக்கத்துத் தீவான ஃபுளோரெஸில், கொமோடோ தேசியப் பூங்கா எல்லைக்கு வெளியே வாழ்பவற்றின் நிலை இன்னும் மோசம். மான் இல்லாவிட்டால் ஊராரின் ஆட்டுக்குத்தான் வரும். ஆட்டைப் பறிகொடுத்தவர் சும்மா இருப்பாரா? பூங்காக்களில் பொரிக்கும் குஞ்சுகளைவிட, அந்தத் தீவுகளில் மான் வேட்டையைத் தடுக்க ரோந்து போகிறவர்களுக்குப் பணம் போய்ச் சேருவதே அவசரம் என்று நினைக்கிறேன்.