ஷோகேஸுக்கு முன் ஒரு பட்டியல்

டாலஸுக்கு வடக்கே உள்ள எங்கள் புறநகரில் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற ஆட்டம்) ஆடும் தமிழ்ப் பெண்பிள்ளைகள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். என் மகள் 2025-இல் பள்ளி முடித்து ஒரு கல்லூரி அணியில் கேட்சராகச் சேர்ந்துவிட்டாள்; பிட்சர் எறியும் பந்தை, மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவள் கேட்சர். அதனால் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் என்னைப் பிடித்து நிறுத்துகிறார்கள். "அக்கா, எந்த ஷோகேஸில் ஆடினால் கல்லூரிக்காரர்கள் பார்ப்பார்கள்?" (ஷோகேஸ் என்றால் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆள் தேட வரும் போட்டி.) ஊரில் எந்தக் கோச்சிங் சென்டரில் சேர்த்தால் மெடிக்கல் சீட் கிடைக்கும் என்று விசாரிப்பார்களே, அதே குரல்.

எந்தக் கல்லூரிக்காரர் பார்க்க வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு மூன்று வருடம் நடந்த இந்த விவகாரம் முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பள்ளி அணியில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கல்லூரிப் பயிற்சியாளர்கள் வந்து பார்ப்பது அபூர்வம். அலட்சியம் காரணமில்லை. டெக்சாஸில் பள்ளி சாஃப்ட்பால் பிப்ரவரியில் தொடங்கி வசந்தம் முழுக்க நடக்கிறது. கல்லூரி சீசனும் அதே மாதங்களில்தான், ஜூன் தொடக்கத்தில் ஓக்லஹோமா சிட்டியில் கல்லூரி உலகத் தொடர் முடியும்வரை ஓடுகிறது. அவர்களுக்கு அவர்கள் ஆட்டமே தலைக்கு மேல். ஆகவே ஆள் தேடுவதெல்லாம் கோடையிலும் இலையுதிர் காலத்திலும், டிராவல் பால் எனப்படும் கிளப் அணிகளின் போட்டிகளில்தான். பள்ளி அணியில் ஆடுவது தோழிகளுக்காகவும் ஊருக்காகவும். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு, ஆனால் அது வேறு கணக்கு.

பணக் கணக்கையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும். "ஃபுல் ஸ்காலர்ஷிப்" என்ற சொல் எங்கள் மைதானங்களில் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். என் மகள் விண்ணப்பித்த காலத்தில் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் முதலாவது) கல்லூரி ஒவ்வொன்றும் சாஃப்ட்பாலுக்குக் கொடுக்க முடிந்தது மொத்தம் 12 முழு உதவித்தொகைகளுக்குச் சமமான பணம். அதை இருபதுக்கும் மேற்பட்ட வீராங்கனைகளுக்குப் பங்கு போட்டார்கள். டிவிஷன் 2-இல் அது 7.2. டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது; படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்பத்தான் உதவி. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1-இல் ஆடினாலும் அங்கும் விளையாட்டு உதவித்தொகை இல்லை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்த என் கணவர், "இவள் கணக்குப் பாடத்தில் வாங்கும் மதிப்பெண்தான் நமக்கு ஸ்காலர்ஷிப்" என்றார். பின்னால் அது அப்படியே நடந்தது.

பத்தாம் வகுப்பில் எங்கள் முன் இருந்த வழிகள் நான்கு. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் சேர்ப்புக்கு உதவும் நிறுவனங்கள்; ஊர் ஊராக ஷோகேஸ் போட்டிகள்; கல்லூரிகளே நடத்தும் முகாம்கள்; நாமே பயிற்சியாளர்களுக்கு எழுதுவது.

நிறுவனத்திலிருந்து ஒருவர் பேசினார், முக்கால் மணி நேரம். மகளின் வீடியோவை "ஏற்கெனவே பலர் பார்த்திருக்கிறார்கள்" என்றார். யார் என்று கேட்டதற்கு, அது உறுப்பினர்களுக்கு மட்டும் தெரியும் என்றார். கட்டணம் ஆயிரக்கணக்கான டாலரில் இருந்தது. அன்றே சேர்ந்தால் தள்ளுபடி. அன்றே சேர்ந்தால் தள்ளுபடி என்று சொல்லும் எதையும் நான் வாங்குவதில்லை, சோபாவாக இருந்தாலும் சரி. அவர்கள் செய்யும் வேலை பொய் என்று சொல்லவில்லை. விவரப் பக்கம், வீடியோ, பயிற்சியாளர்களின் முகவரிகள் ஆகியவற்றைத் தொகுத்துத் தருகிறார்கள். ஆனால் அந்த முகவரிகள் ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுத் தளத்திலும் வெளிப்படையாக இருக்கின்றன. நேரமே இல்லாத குடும்பத்துக்கு அது உதவலாம். எங்களுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

மற்ற மூன்றையும் எடுத்துக்கொண்டோம், ஆனால் தலைகீழான வரிசையில். எல்லாரும் முதலில் ஷோகேஸுக்குப் போய், யார் பார்த்தார்கள் என்று பிறகு தேடுவார்கள். நாங்கள் முதலில் பட்டியல் போட்டோம். மகளுக்கு இயந்திரப் பொறியியல் படிக்க ஆசை. பொறியியல் மாணவிக்கு மதியம் ஆய்வகம் இருக்கும். சாஃப்ட்பால் பயிற்சியும் மதியம்தான். அந்த மோதலை ஏற்கெனவே சமாளித்துக்கொண்டிருக்கும் அணிகள் எவை? இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கல்லூரி அணியின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு வீராங்கனையின் ஆண்டும், ஆடும் இடமும், பல கல்லூரிகளில் முதன்மைப் பாடமும் இருக்கும். பொறியியல் படிப்பவர் ஒருவர்கூட இல்லாத அணிகளை அடித்துவிட்டோம். அடுத்து கேட்சர்களை எண்ணினோம். முதலாண்டில் இரண்டு கேட்சர்கள் இருந்தால், இவள் போய்ச் சேரும்போது அவர்கள் நான்காம் ஆண்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கல்லூரிகளுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. கேட்சர் முழங்காலில் வாழ்கிறவள். நாளைக்கே முட்டி போய்விட்டாலும் அந்தக் கல்லூரியில் படிக்க விருப்பமா என்று கடைசியாகக் கேட்டோம். பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. பெரும்பாலும் டிவிஷன் 3, சில டிவிஷன் 2, ஓரிரண்டு டிவிஷன் 1.

மகளுக்கு முதலில் முகம் சுருங்கியது. தொலைக்காட்சியில் ஆடும் அணிகள்தான் அவள் மனத்தில் இருந்தன. அதற்கு டெக்சாஸே பதில் சொன்னது: 2016-இல் டிவிஷன் 3 பட்டத்தையும், பிறகு மேலே நகர்ந்து 2024-இல் டிவிஷன் 2 பட்டத்தையும் வென்ற டைலர் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் (UT Tyler) எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். ஒரு சனிக்கிழமை கீழ்ப் பிரிவுகளின் ஆட்டத்தைப் போய்ப் பார்த்தாள். திரும்பும் வழியில் அவளே பட்டியலைத் திருத்த ஆரம்பித்தாள்.

வீடியோ எடுத்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். நாங்கள் போனையும் ஒரு முக்காலியையும் வைத்தே எடுத்தோம். கேட்சருக்கு முக்கியமான எண் "பாப் டைம்": பந்து அவள் கையுறையில் விழும் சத்தத்திலிருந்து, இரண்டாம் தளத்தில் நிற்பவரின் கையுறையில் போய் விழும்வரை எத்தனை வினாடி. சதுரமாக அமைந்த நான்கு தளங்களுக்கு இடையே 60 அடி என்பதால் இந்தக் குறுக்குத் தூரம் கிட்டத்தட்ட 85 அடி. 1.8 வினாடியை நெருங்கினால் பெரிய அணிகள் திரும்பிப் பார்க்கும். என் மகள் 2-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடிக்கொண்டிருந்தாள். பத்து எறிதல்களை வெட்டாமல் ஒட்டாமல், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, அந்த இரண்டு சத்தங்களும் கேட்கும்படி பதிவு செய்தோம். பின்னணி இசை கிடையாது. இசை போட்டால் பயிற்சியாளர் ஸ்டாப்வாட்ச் பிடிக்க முடியாது. முதல் திரையில் பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், மதிப்பெண் சராசரி. மொத்தம் மூன்று நிமிடம். தரையில் குத்தி வரும் பந்தை மார்பால் தடுப்பது, மட்டையடி, பிறகு ஓர் ஆட்டத்திலிருந்து முழுசாக ஒரு முறை மட்டை பிடித்தது, அவள் அவுட் ஆனது உட்பட.

கடிதங்களை அவளே எழுதினாள். அம்மா எழுதிய கடிதத்தை மோப்பம் பிடிக்கப் பயிற்சியாளர்களுக்கு இரண்டு வரி போதும். தலைப்பு வரியில் "2025, கேட்சர்" என்று தொடங்கிப் பெயரும் மாநிலமும். உள்ளே, ஏன் உங்கள் கல்லூரி என்று அந்தக் கல்லூரிக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வாக்கியம், வீடியோ இணைப்பு, வரப்போகும் ஆட்டங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் மறுபடி ஒன்று: மைதான எண், நேரம், சட்டை நிறம், சட்டை எண்.

பதில் வரவில்லை என்று மனம் உடைய வேண்டாம். டிவிஷன் 1 சாஃப்ட்பாலில், பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் பயிற்சியாளர் மாணவியோடு ஆள் சேர்ப்புப் பேச்சு எதுவும் பேசக்கூடாது என்பது 2018-இல் வந்த விதி. அதற்கு முன் எட்டாம் வகுப்புக் குழந்தைகளிடம்கூட வாய்மொழி வாக்குறுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள்; நல்ல வேளையாக அது நின்றது. மாணவி எழுதலாம், அவர்கள் படிக்கலாம், பார்க்க வரலாம். பதில் சொல்ல முடியாது. டிவிஷன் 3-இல் கடிதத்துக்கும் தொலைபேசிக்கும் இப்படி ஒரு தேதி இல்லை. எங்களுக்கு முதல் பதில் அங்கிருந்துதான் வந்தது, இரண்டே வரியில்: வீடியோ பார்த்தேன், கொலராடோவில் எந்த மைதானம்?

கொலராடோ என்றால் ஜூன் கடைசியில் டென்வரைச் சுற்றி நடக்கும் பெரிய போட்டிகள். நாடெங்கிலுமிருந்து அணிகள் வரும், பயிற்சியாளர்களும் வருவார்கள். போட்டி நடத்துபவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனை, பெற்றோருக்கு வாசலில் நுழைவுக் கட்டணம், நிழலில்லாத வெயில். கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம் என்பதால் காற்று மெலிந்து, பந்து கூடுதலாகப் பறக்கும். பிட்சர்களின் வளையும் பந்து சரியாக வளையாது. மதியம் ஆனால் மின்னல் எச்சரிக்கை, எல்லாரும் கார்களுக்குள். ஒரு மின்னல் வந்தால் அன்றைய அட்டவணை முழுதும் கலைந்துவிடும். எட்டாம் மைதானத்தில் உன்னைப் பார்க்க வந்தவர் அப்போது மூன்றாம் மைதானத்தில் வேறொருத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகள் போனை எடுத்துப் புதிய நேரத்தைப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் மறுபடி அனுப்பினாள்.

வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையோடு. பெற்றோர் அத்தனை பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்தச் சின்னங்களைத்தான் படித்துக்கொண்டிருப்போம். எங்களுக்கு எழுதிய பயிற்சியாளர் வந்தார். மகள் அன்று இரண்டு முறை மட்டை வீசியே அவுட். எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் அவர் இன்னிங்ஸ் இடைவேளைகளில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிட்சரின் பயிற்சிப் பந்துகள் முடிந்ததும் கேட்சர் ஒரு முறை இரண்டாம் தளத்துக்கு எறிவாள் அல்லவா, அப்போதுதான் ஸ்டாப்வாட்ச் வெளியே வந்தது. ஆட்டத்தில் யாரும் தளம் திருட (பிட்சர் பந்தை எறியும் வேளையில் அடுத்த தளத்துக்குப் பாய) ஓடாவிட்டாலும் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் அந்த ஓர் எறிதல் நிச்சயம். சாதாரணமாகப் பிள்ளைகள் அதைச் சோம்பலாகத் தூக்கிப் போடுவார்கள். அவுட் ஆகி வந்தவள் ஹெல்மெட்டை எறிந்தாளா, அடுத்து ஆடப்போகிறவளிடம் பந்து எப்படி வருகிறது என்று சொன்னாளா என்பதையும் அவர் பார்த்தார். இரண்டையும் பிறகு அவரே தொலைபேசியில் சொன்னார்.

முகாம்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். "உன் திறமை எங்கள் கண்ணில் பட்டது" என்று வரும் முகாம் அழைப்பு பெரும்பாலும் மொத்தமாகப் போகும் கடிதம். விதிப்படி முகாம் யாருக்கும் திறந்திருக்க வேண்டும். வயது, வகுப்பு, பாலினம், எண்ணிக்கை இவற்றால் மட்டுமே வரம்பு வைக்கலாம். அதனால் பட்டியலில் இருந்த கல்லூரிகளின் முகாம்களுக்கு மட்டும் போனோம், அதுவும் பயிற்சியாளர் ஏற்கெனவே பெயர் சொல்லி எழுதியிருந்தால். பார்க்கப்படுவதைவிட, பார்ப்பதற்கு அது நல்ல இடம். ஒரு முகாமில் உதவிப் பயிற்சியாளர் தம் மாணவிகளிடம் பேசிய தொனியைக் கேட்டுவிட்டு, காரில் ஏறியதுமே மகள் அந்தப் பெயரை அடித்தாள்.

செப்டம்பர் 1, 2023 நள்ளிரவு, மகளின் வகுப்புக்கு அந்தப் பேச்சுத் தடை நீங்கும் நேரம். அணியின் முதல் பிட்சருக்குப் பன்னிரண்டு மணி அடித்த நிமிடத்திலிருந்து போன் ஓயவில்லையாம். என் மகளுக்கு டிவிஷன் 1-இலிருந்து ஒன்றும் வரவில்லை. காலையில் தோசை தின்றுகொண்டே, "எனக்கு எழுதுகிறவர்கள் கோடையிலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறார்கள் அம்மா" என்றாள். கொஞ்சம் வீம்பும் இருந்தது, உண்மையும் இருந்தது.

அடுத்த கோடையில் அந்தப் பயிற்சியாளர் மதிப்பெண் பட்டியலையும் பாடத் தேர்வுகளையும் கேட்டு வாங்கி, கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் முன்கூட்டியே படித்துப் பார்க்கச் செய்தார். இதை "ப்ரீ-ரீட்" என்கிறார்கள். சீட் உறுதி ஆகாது. ஆனால் கதவு திறக்குமா என்று தெரிந்துவிடும். உத்தேச உதவித்தொகைக் கணக்கையும் அப்போதே கேட்டோம். கூச்சப்படாமல் கேட்க வேண்டிய இடம் அது. அதன் பிறகுதான் அவள் சம்மதம் சொன்னாள், முன்கூட்டிய முடிவு முறையில் (இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன் என்ற உறுதியோடு) விண்ணப்பித்தாள். படிப்பு உதவித்தொகை எங்கள் மாநிலப் பல்கலைக்கழகச் செலவோடு கிட்டத்தட்ட சமமாகக் கொண்டுவந்து நிறுத்தியது.

இப்போது ஒன்பது, பத்தாம் வகுப்பில் இருப்பவர்களுக்குக் களம் மாறியிருக்கிறது. கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட தீர்வின்படி, அதில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளுக்கு 12 என்ற உச்சவரம்பு போய்விட்டது. பதிலாக அணியில் அதிகபட்சம் 25 பேர். எல்லாருக்கும் முழுத் தொகை தரலாம், தருவார்கள் என்பதில்லை. கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டதால், அந்த 25-இல் பல இடங்களை அனுபவமுள்ள கல்லூரி மாணவிகளே நிரப்புகிறார்கள். ஆகவே எந்தப் பயிற்சியாளரோடு தொலைபேசியில் பேசினாலும் உங்கள் பெண் கேட்க வேண்டியவை இரண்டு: நான் வரும் ஆண்டில் என் இடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த இடத்துக்கு வேறு கல்லூரியிலிருந்தும் ஆள் தேடுகிறீர்களா? என் மகள் கேட்டபோது மூன்று பேர் சுற்றி வளைத்துப் பேசினார்கள். ஒருவர் மட்டும், "இரண்டு கேட்சர்கள் இருக்கிறார்கள், ஒருத்தி நீ வருவதற்கு முந்தைய மே மாதம் படிப்பை முடிக்கிறாள், வெளியிலிருந்து எடுப்பதில்லை" என்றார். அவரிடம்தான் இப்போது ஆடுகிறாள்.