ஸ்பெக்ட்ரத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸ்

ஏப்ரல் 26, 2024, சத்துவாச்சாரி

மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம் 48கே என்ற பழைய வீட்டுக் கணினி இன்னும் உயிரோடு இருக்கிறது. நான் கற்றது இதில்தான். இதன் இசட்80ஏ பிராசஸர் ஓடுவது 3.5 மெகாஹெர்ட்ஸில், 7-இல் ஓட்டிப் பார்க்க ரொம்ப நாள் ஆசை. துடிப்பு தரும் 14 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை மாற்றுவது வழியல்ல. அதை வைத்துத்தான் யூஎல்ஏ சிப் டிவிக்குப் படமும் தருகிறது. கை வைத்தால் படம் போய்விடும். 14-ஐப் பாதியாக்கி, பிராசஸருக்கு மட்டும் தனி கிளாக் (துடிப்பு) தரவேண்டும்.

ஏப்ரல் 27

காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். 8 மெகாஹெர்ட்ஸ் தாங்கும் இசட்84சி0008 பிராசஸர், 14-ஐப் பாதியாக்க 74எச்சி74 பிளிப்-பிளாப், சாக்கெட் வாங்கினேன்.

ஏப்ரல் 28

பழைய பிராசஸரின் 40 காலையும் சால்டர் உறிஞ்சி எடுக்க மூன்று மணி நேரம். நடுவில் கரண்ட் வேறு போனது. 3.5-இல் புது சிப் ஓடியது. 7-க்குத் தட்டியதும் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் குப்பை.

மே 1

காட்பாடி டிவி மெக்கானிக் அண்ணனிடம் போர்டைக் காட்டினேன்.

"இன்னா தம்பி, ஜோடி மாட்டுல ஒண்ண மட்டும் மாத்தினா வண்டி எப்டி நேரா போவும்?"

சரிதான். 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 143 நானோநொடி. அடுத்த கட்டளையை ஒன்றரைத் துடிப்புக்குள், அதாவது சுமார் 214 நானோநொடியில், பிராசஸர் வாங்கியாக வேண்டும். பழைய ரோமும் ராமும் அதற்குள் வாய் திறக்கவில்லை.

மே 5

அக்னி நட்சத்திரம். மாடி அறையில் பகலில் உட்கார முடியாது, ராத்திரிதான் வேலை. ரோமுக்குப் பதில் வேகமான ஈப்ராம் (நிரலை எழுதி வைக்கும் சிப்). ராமில் மேல் 32கே-யின் எட்டு சிப்பையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு 62256 ராம் சிப். கீழ் 16கே-யை அப்படியே விட்டேன். படம் வரைய அதை யூஎல்ஏ-யும் வாசிக்கிறது, அவசரப்படுத்த முடியாது. அதற்குரிய 16384 முதல் 32767 வரை முகவரி வந்தாலோ, யூஎல்ஏ-யின் போர்ட்டைத் தொட்டாலோ, கிளாக் தானாக 3.5-க்கு இறங்கும்படி லாஜிக் கேட் வைத்தேன்.

மே 6

ஓடுகிறது!

யூஎல்ஏ-யின் 50 ஹெர்ட்ஸ் இன்டரப்ட் (நொடிக்கு 50 முறை பிராசஸரைத் தட்டும் சைகை) மாறாது என்பதால், அது ஏற்றும் பிரேம் கணக்கையே கடிகாரமாக வைத்துக்கொண்டேன். 32768-க்கு மேல் வைத்த மெஷின் கோடு பாதி நேரத்தில் முடிந்தது. பேசிக் மொழி நிரலில் அவ்வளவு வேகம் இல்லை. அதன் நிரலும் மாறிகளும் கீழ் 16கே-யிலிருந்துதான் தொடங்குகின்றன. இனி கணக்கு வேலையையெல்லாம் மேலே ஏற்றுவேன்.

பீப் 1,0 என்ற ஒலிக் கட்டளையைத் தட்டினேன்.

"இன்னாடா, மேல் ஸ்தாயிக்குப் போயிடுச்சி?" அடுக்களையிலிருந்து அம்மா.

கேசட்டுக்குப் பழைய வேகம்தான் வேண்டும், பிட்டின் நீளத்தைப் பிராசஸர் எண்ணி எண்ணித்தான் அளக்கிறது. அதற்காகப் பின்பக்கம் ஒரு சுவிட்ச். மாமாவின் டேப்பை 3.5-இல் ஏற்றி 7-க்குத் தட்டினேன். நின்றுபோகவில்லை.