லோரியில் ஏறிய செங்கல்

பின்வாசலில் லோரி இறக்கிவிட்டுப் போன கற்களைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "செங்கல் எங்க?"

"இதுதாம்மா."

"சாம்பலா இருக்கு? செங்கல்னா செவப்பா இருக்கணும் பாப்பா. பேர்லயே இருக்கே."

அடுப்படியைப் பின்பக்கம் நீட்டிக் கட்டுகிறோம். இருபதடிக்குப் பத்தடி, மூன்று பக்கம் சுவர். கணக்கு வேலை பார்க்கிறவள் என்பதால் முதலிலேயே உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருந்தேன். அரைக்கல் சுவருக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 60 கல். ஜன்னல், வாசல் கழித்து, உடைசல் சேர்த்தால் 2,000 கல் போதும். கணக்கில் பிழையில்லை. ஆனால் மண் செங்கலா, சிமெண்டுக் கல்லா என்று எழுதி வாங்கவில்லை. கொந்திராக்டர் மண் செங்கலுக்கு விலை பேசிவிட்டுச் சிமெண்டுக் கல்லை இறக்கிவிட்டார். போன் போட்டுக் கேட்டால், "பூசிட்டா ரெண்டும் ஒண்ணுதான் அக்கா" என்கிறார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "பூசிட்டா எல்லாரும் அழகிதான்" என்றார்.

சிமெண்டுக் கல் ஒன்றும் மட்டமில்லை. தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், பாதி வீடுகள் அதில்தான் நிற்கின்றன. ஆனால் கொடுத்த காசுக்கு உள்ள பொருள் வரவேண்டாமா? ஒரு வாரம் இழுத்து, பாதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு செங்கல் அனுப்பினார். இப்போது எங்கள் அடுப்படியில் நீளச் சுவர் சிமெண்டு, பக்கச் சுவர்கள் இரண்டும் மண். பூசிவிட்டார்கள். அம்மா மட்டும் போகும்போதும் வரும்போதும் அந்த நீளச் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

செங்கல் வந்த அன்று அம்மா செய்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீர் என்றது. நகத்தால் கீறினார், கோடு விழவில்லை. இன்னும் நாலைந்தைத் தட்டி, மந்தமாகச் சத்தம் கொடுத்த ஒன்றைத் தனியே வைத்தார். "வேகல." அப்புறம் கொத்து வேலைக்கு வந்திருந்த வங்காளதேசத் தம்பியிடம் போய், "ரெண்டாம் டுலு" என்றார் மலாயில், முதலில் ஊறப்போடு என்று. ஊறாத கல் சாந்தில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும், பிறகு பிடிப்பு இருக்காது. அந்தத் தம்பி ஏற்கெனவே தண்ணீர்க் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தது.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. பதினாறு வயதில், ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் பேர் பதியும் முன்பு, அங்கே கிராணிக்கு, அதாவது தோட்டத்துக் கணக்கருக்கு, வீடு கட்டியபோது சித்தாளாகப் போயிருக்கிறார். சும்மாடு கட்டி நடைக்கு எட்டுக் கல். ஒரு கல் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கட்டி முடித்த வீட்டுக்குள் பிறகு ஒரு தடவைகூடப் போனதில்லையாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. "அங்க நமக்கென்ன வேலை?" என்றார்.

நாங்கள் இருந்தது லயத்தில், வரிசை வீட்டில். இடுப்பு உயரத்துக்குச் செங்கல், அதற்கு மேல் பலகை, தகரக் கூரை. எல்லாம் தோட்டத்துடையது. எங்கள் வீட்டில் செங்கல் எதற்கெல்லாமோ பயன்பட்டது, வீடு கட்ட மட்டும் பயன்பட்டதில்லை. காற்றில் தகரம் தூக்காமல் இருக்க மேலே நாலு. கரையான் ஏறாமல் அலமாரிக் காலுக்கு அடியில் நாலு. அண்ணன்மார் பந்தடிக்க ஸ்டம்பாக மூன்று. குத்துவிளக்கு விளக்கப் புளியோடு செங்கல் பொடி. கோலத்துக்குச் சிவப்புக் கரை கட்டவும் அதே பொடிதான், உடைந்த கல்லை இடித்துச் சலிப்பது என் வேலை. லயத்துக் கடைசியில் மரத்தடி முனியாண்டிக்கு மஞ்சள் பூசி நட்ட ஒரு கல்லும் ஒரு சூலமும் இருந்தன. அதுவும் செங்கல்தான் என்று நான் சொன்னால் அம்மா வாயில் போடுவார்.

பொங்கலுக்கு மூன்று செங்கல் வைத்து அடுப்பு. அந்த மூன்றையும் வேறெதற்கும் தொடவிடமாட்டார். வருடம் முழுக்கக் குளியலறைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருப்பார். ஒரு பக்கம் கரி பிடித்துப் பளபளவென்று இருக்கும். இன்னொரு பக்கம் சாந்து பிடிக்க விட்டிருக்கும் குழி. அந்தக் குழியில் செம்பருத்தி இதழைப் போட்டு அரைத்துக் குழம்பு வைத்து விளையாடி நான் அடி வாங்கியிருக்கிறேன்.

தோட்டத்தை விற்று எங்களை வெளியேறச் சொன்னபோது லோரியில் கட்டில், அலமாரி, தையல் மெஷின், சாமி படங்கள் எல்லாம் ஏறின. கடைசியில் அம்மா அந்த மூன்றில் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அப்பா, "தாமான்ல செங்கல்லுக்கா பஞ்சம்?" என்று கத்தினார். அம்மா பதில் சொல்லாமல் மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறிவிட்டார்.

இப்போது இருப்பது பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம். மலாயில் பத்து என்றால் கல், காஜா யானை. செங்கலுக்கு 'பத்து பாத்தா'. வந்த புதிதில் கடைக்காரர் அப்படிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பத்து போதாது, இருபது வேணும்" என்ற அம்மாவின் கதையை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

கோலாலம்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கெல்லி மாளிகைக்குக் கூட்டிப்போக வேண்டும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை 1915-இல் கட்டத் தொடங்கியது. மெட்ராஸிலிருந்து 70 கைவினைஞர்களை வரவழைத்தார், செங்கல்லும் இந்தியாவிலிருந்தே வந்தது. 1926-இல் துரை லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோக, மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது. நோய் பரவிய நாளில் ஆட்கள் கேட்டுக்கொள்ள அவர் இடம் கொடுத்துக் கட்டிய மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மேலே தெய்வங்களோடு வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக அவரும் நிற்கிறார். அம்மா கோயிலில் கும்பிட்டார். மாளிகையில் பூச்சு உதிர்ந்த சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்மாளுங்களும் கப்பல்ல வந்தாங்க, செங்கல்லும் கப்பல்ல வந்துச்சு. செங்கல்லுக்குத்தான் மாளிகை" என்றார். கட்டி முடிக்காத வீட்டுக்கு டிக்கெட்டா என்று வேறு ஒரு முணுமுணுப்பு.

அந்தச் சொந்தக்காரர்கள் புடவை எடுக்கிற பிரிக்பீல்ட்ஸும் செங்கல்லால் பேர் வாங்கிய இடம்தான். 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. அடுத்த வருடம் பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்பு ஓலை வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்றார். சீனர்களின் தலைவரான கப்பித்தான் யாப் குவான் செங் அங்கே சூளை போட்டார். இன்று அந்தத் தெருக்களில் பூமாலையும் வடையும்தான் வாசனை.

கோயில் பஜனையில் பண்டரிபுரத்துக் கதை கேட்டதிலிருந்து அம்மாவுக்குப் பாண்டுரங்கன்மேல் தனிப் பிரியம். புண்டலீகன் தாய் தகப்பனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கிறான், வாசலில் சாமி வந்து நிற்கிறது. வேலை முடியட்டும் என்று ஒரு செங்கல்லைத் தூக்கிப் போட்டு, இதன்மேல் நில் என்கிறான். இடுப்பில் கை வைத்து இன்றைக்கும் நிற்கிறது. இந்தக் கதையை அம்மா எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது ஏன் என்று எனக்குப் புரிகிறது. பெரும்பாலும் குதிகால் வலி வரும் நாளில்தான் சொல்வார்.

போன சனிக்கிழமையும் சொன்னார். பிள்ளையார் கோயில் எருக்கஞ்செடியில் இலை பறித்து வந்தேன். கட்டு வேலை முடிந்து 43 செங்கல் மிச்சம் கிடந்தது, அதில் ஒன்றை எடுத்துச் சூடாக்கப் போனேன். "அது வேணாம், வெடிச்சிரும். பழசை எடு." சாக்கை அவிழ்த்து லயத்துக் கல்லை எடுத்து, கேஸ் அடுப்பில் காட்டி, முற்றத்தில் வைத்து, மேலே இலையைப் போட்டேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து குதிகாலை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, உஸ் என்றார்.

பூச்சு வேலைக்கு வந்திருந்த தம்பி கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்று பார்த்தது. பிறகு பூட்ஸைக் கழற்றித் தன் குதிகாலைக் காட்டியது. பாளம் பாளமாக வெடிப்பு.

அம்மா ஸ்டூலோடு கொஞ்சம் நகர்ந்துகொண்டு, "இன்னொரு எல எடுத்தா பாப்பா" என்றார்.