தீபம் பார்த்த பிறகு கிளம்ப அவசரப்படாதீர்கள்

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணியளவில் திருவண்ணாமலைக் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி எழுந்தருளி, சில நிமிடங்களிலேயே உள்ளே திரும்பிவிடுவார். அதே நேரத்தில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படும். அந்த 'அரோகரா'வில் உடல் சிலிர்க்காதவர் இருக்க முடியாது. கவனமாக இருக்க வேண்டியது அதற்கடுத்த அரைமணி நேரத்தில்தான். மலையைப் பார்த்து நின்ற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் திரும்பி வாசலைத் தேடுவார்கள். 2011 ஜனவரி 14 அன்று சபரிமலை அருகே புல்மேட்டில் நூறு பேருக்கு மேல் இறந்ததும் மகரஜோதியைத் தரிசித்துவிட்டுத் திரும்பும் வழியில்தான்.

எனவே, ஜோதி தெரிந்ததும் நடையைக் கட்டாதீர்கள். முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள், ஆனால் நடைபாதையில் உட்கார வேண்டாம். 2025 ஜனவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில், புனித நேரத்துக்காகக் கரையில் படுத்துக் காத்திருந்தவர்கள் மேல் கூட்டம் ஏறிவிட்டது.

முதியவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் அன்றே வந்தாக வேண்டும் என்பதில்லை. மகாதீபம் 11 நாள் எரியும். ஐந்தாம் நாள் கண்ணில் படும் ஜோதியும் அண்ணாமலையார்தான். முதல் நாளே வருகிறவர்களும் கோயிலுக்குள் நின்றுதான் பார்க்க வேண்டும் என்பதில்லை, கிரிவலப் பாதையிலிருந்தே தரிசிக்கலாம்.

கூட்ட நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலோர் இறப்பது மூச்சு முட்டி, அதிலும் பலர் நின்ற நிலையிலேயே. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நிற்கும்வரை நாம் நினைத்தபடி நகரலாம். ஆறு பேரைத் தாண்டினால் கால் நம் சொல் கேட்காது. பின்னால் ஒவ்வொருவரும் 'லேசாகத்தானே தள்ளினேன்' என்று நினைப்பார்கள். அத்தனை பேரின் அழுத்தமும் சேர்ந்து முன்னால் இரும்புத் தடுப்பையே வளைத்துவிடும். நெஞ்சு விரிய இடமில்லாமல் போனால் சில நிமிடங்களில் மயக்கம் வந்துவிடும்.

முன்னால் நசுங்குகிறவரின் கூக்குரல் பின்னால் இருப்பவர் காதில் 'அரோகரா'வோடு கலந்துவிடும். அதனால் நகராமல் நிற்கும் வரிசையில் முழக்கத்தைச் சற்று நிறுத்துங்கள். 'தள்ளாதீங்க' என்று கத்துவதைவிட 'ஒரு அடி பின்னால போங்க' என்று வாய்வழியாகப் பின்னுக்கு அனுப்புவது பலன் தரும். கடைசி வரிசை பின்வாங்கினால்தான் முன்வரிசைக்கு மூச்சு கிடைக்கும்.

நெருக்கம் கூடும்போது தலைக்கு மேல் கைகூப்பாதீர்கள். உயர்த்திய கையைத் திரும்பக் கீழே இறக்க இடம் இருக்காது, நெஞ்சுக்கும் காப்பு இருக்காது. முழங்கைகளை மடக்கி, முன்கைகளை நெஞ்சுக்கு முன்னால் நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே இருக்கட்டும். தள்ளல் அலை அலையாக வரும். வரும்போது எதிர்த்து நிற்காமல் அதோடு போங்கள். தணியும் நொடியில் குறுக்காக ஓரத்தை நோக்கி இரண்டடி எடுத்து வையுங்கள். சுவரும் தூணும் மட்டும் வேண்டாம், ஒதுங்க இடமில்லாமல் அழுத்திவிடும். செல்போன், துண்டு, வளையல் எது விழுந்தாலும் குனியாதீர்கள். நீங்களே விழுந்துவிட்டால் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, தலையைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது விழுந்தால் அந்த நொடியே தூக்கிவிடுங்கள்.

செருப்பை ராஜகோபுரத்தருகே விட்டுவிட்டு வேறு வாசலில் வெளியே வருகிறவர்கள், அதைத் தேடிக்கொண்டு, எதிரே வருகிற கூட்டத்தை எதிர்த்துப் போகிறார்கள். இந்த எதிரோட்டம்தான் வாசலை அடைக்கிறது. கிரிவலம் வெறுங்காலோடுதானே, செருப்பு தங்கும் அறையிலேயே இருக்கட்டும். படிகளில் தேங்காய் உடைக்கவோ எண்ணெய் சிந்தவோ கூடாது. 2005 ஜனவரியில் மகாராஷ்டிராவின் மாந்தர்தேவி கோயிலில் தேங்காய்த் தண்ணீரில் வழுக்கிய படிகளில் தொடங்கியது பெரும் உயிர்ச்சேதத்தில் முடிந்தது.

14 கிலோமீட்டர் கிரிவலத்தில் இடப்பக்கமாகவே நடக்க வேண்டும் என்பது மரபு. சித்தர்கள் மலையை ஒட்டி வலம் வருவதாக நம்பிக்கை. ஒரே திசையில், ஓரமாக நடக்கும் அந்த ஒழுங்கு கூட்டத்துக்கும் காப்பு. உடன் வந்தவர் பிரிந்தால் பின்னோக்கித் தேடாதீர்கள். 'அடுத்த லிங்கத்தைத் தாண்டி இடப்பக்கம் நில்' என்று கிளம்பும்போதே பேசிக்கொள்ளுங்கள். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம் என்று பாதையில் வரும் எட்டு லிங்கங்களின் வரிசையைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். செல்போன் டவர் கிடைக்காத இரவில் இது கைகொடுக்கும். சின்னக் குழந்தையின் மணிக்கட்டில் பேனாவால் தொலைபேசி எண்ணை எழுதி, காலையிலேயே அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

நெரிசலில் மயங்கியவரைச் சுற்றிக் கூடாதீர்கள். ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, மூச்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உடனே நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும், இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தெளிந்து எழுந்தாலும் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருந்தால் மருத்துவ முகாமில் காட்டாமல் ஊருக்குப் பஸ் ஏற்றாதீர்கள்.