பழைய எம்எக்ஸ்-5இல் ஒரு கரகர சத்தம்: நான்கு வாரத் தேடல்

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1992ஆம் ஆண்டு வண்டி, 1.6 லிட்டர் இன்ஜின். முப்பது வயது தாண்டிய வண்டியில் சத்தமே இருக்கக் கூடாது என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அதன் பழைய சத்தங்கள் எல்லாமே எனக்கு மனப்பாடம், அதனால் புதிதாக ஒன்று சேர்ந்ததும் முதல் நாளே காதில் விழுந்துவிட்டது. இன்ஜின் வேகம் 1500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து மணல் கலந்தது போல ஒரு கரகரப்பு, ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் மெலிந்து கூர்மையாகி ஏறும், ஆக்ஸிலரேட்டரை விட்டால் கூடவே இறங்கும். அதோடு ஒரு டிக் டிக் சத்தமும் இருந்தது. இரண்டையும் ஒரே சத்தம் என்று எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த பெரிய தவறு, இரண்டு வாரம் அதிலேயே போனது.

முதல் வேலையாக இது இன்ஜினோடு சுற்றுகிறதா, சக்கரத்தோடு சுற்றுகிறதா என்று பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் கொஞ்ச தூரம், அதே வேகத்தில் ஐந்தாவது கியரில் கொஞ்ச தூரம். சாலை வேகம் மாறவில்லை, சத்தம் மட்டும் நன்றாகவே இறங்கியது. அப்புறம் அதே வேகத்தில் கிளட்சை மிதித்து இன்ஜினை ஐடிலுக்கு, அதாவது ஆக்ஸிலரேட்டர் தொடாத நிதான ஓட்டத்துக்கு, விட்டேன், சத்தமும் ஐடிலுக்கு வந்துவிட்டது. சக்கர பேரிங், டிஃபரன்ஷியல், புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் அத்தோடு பட்டியலிலிருந்து போயின. செலவே இல்லாத சோதனை, ஐந்து நிமிடம் போதும்.

அடுத்து கியர்பாக்ஸ். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து கிளட்ச் பெடலில் காலை வைத்தும் எடுத்தும் கேட்டேன். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும், பெடலை முழுவதும் மிதித்தால் நின்றுவிடும். மிதித்ததும் சத்தம் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும், மிதித்த பிறகுதான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். எனக்கு இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி கேட்டது. அப்படியானால் கோளாறு இன்ஜினிலோ, பெல்ட்டால் அது சுற்றுகிற பொருட்களிலோதான்.

இங்கேதான் தடம் மாறினேன். இந்த 1.6 இன்ஜினில் வால்வு இடைவெளியைத் தானாகச் சரிசெய்கிற ஹைட்ராலிக் டேப்பட்டுகள் இருக்கின்றன. வண்டி நாள்கணக்கில் நின்றால் அவற்றிலிருந்து ஆயில் வடிந்து காற்று புகும், ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று அடிக்கும். இந்த வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் நானும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை இரண்டு முறை நீண்ட தூரம் ஓட்டினேன். டிக் டிக் நின்றுவிட்டது. அன்று மாலை அவ்வளவு சந்தோஷம்!

மறுநாள் காலையில் தம்பி பானட்டுக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். "அண்ணா, டிக் டிக் போயிடுச்சு. ஆனா கரகரன்னு ஒண்ணு அப்படியேதான் இருக்கு. அது ரெண்டு சத்தம், ஒண்ணு இல்ல."

சரியாகத்தான் சொன்னான். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில்தான் சுற்றும். 850 ஆர்பிஎம் ஐடிலில் கேம் வினாடிக்கு ஏழு சுற்று, அதனால் ஒரு டேப்பட் அடித்தால் வினாடிக்கு ஏழு டிக், காதால் தனித்தனியாகக் கேட்கிற அளவுக்கு நிதானமானது. கரகரப்பு அப்படி இல்லை, இடைவெளியே இல்லாமல் இழைகிறது. இதை முதல் நாளே நோட்டில் தனித்தனியாக எழுதியிருந்தால் ஆயிலோடு போராடியிருக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டேன். கைப்பிடியைக் காதில் வைத்து, சுற்றுகிற பெல்ட்டில் படாமல், முனையை ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்பது பழைய வழி. ஆல்டர்னேட்டரில் வைத்தபோதுதான் சத்தம் எல்லாவற்றையும் விடப் பெரிதாகக் கேட்டது. அதைக் கழற்றிவிடலாம் என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தே விட்டேன். நல்ல வேளை, சந்தேகம் வந்து நிறுத்தினேன். ஆல்டர்னேட்டர் கிராங்கை விட இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாகச் சுற்றுகிறது, ஸ்க்ரூ டிரைவர் வழியாகக் கேட்டால் நல்ல பேரிங்கும் இரையத்தான் செய்யும். போதாததற்கு அது இன்ஜின் பிளாக்கோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது, பிளாக்கில் எங்கே சத்தம் வந்தாலும் இரும்பு வழியாக அங்கேயும் வந்து சேரும். நல்ல நிலையில் இருக்கிற ஆல்டர்னேட்டர் எப்படிக் கேட்கும் என்று தெரியாமல் இதைக் குற்றம் சொல்ல முடியாது.

அதனால் காதை நம்பாமல் சுற்றுவதையே நிறுத்திப் பார்க்க முடிவு செய்தேன். இந்த இன்ஜினின் முன்னால் வெளியே இரண்டு பெல்ட். ஒன்று ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றும், மற்றொன்று பவர் ஸ்டீயரிங் பம்பையும் ஏசி கம்ப்ரசரையும் சுற்றும். இன்ஜின் ஆறியிருக்கும்போது இரண்டையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் அரை நிமிடத்துக்கு மேல் ஓட விடவில்லை, இதை முயற்சி செய்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். தம்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2000க்கு ஏற்றினான்.

கரகரப்பு அப்படியே இருந்தது. ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங், ஏசி நான்கும் ஒரே அரை நிமிடத்தில் நிரபராதிகள் ஆயின. ஆல்டர்னேட்டரைக் கழற்றியிருந்தால் வீணாகத்தான் போயிருக்கும்.

கூடவே வயிற்றைக் கலக்கவும் செய்தது. மிச்சம் இருப்பது கிராங்கிலிருந்து கேம்களைச் சுற்றும் டைமிங் பெல்ட்டின் கவருக்குள், அந்த பெல்ட் உரசி ஓடும் இரண்டு உருளைகள், அப்புறம் ஆயில் பம்ப், கேம், கிராங்க் பேரிங்குகள். கடைசியில் சொன்னது என்றால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். ஆயில் மாற்றியபோது கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன், அதை வெட்டி உள்ளே இருக்கும் காகித மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மினுமினுப்பு எதுவும் இல்லை. பேரிங் தேய்ந்தால் உலோகத் துகள் அங்கேதான் வந்து சிக்கும், எனவே கொஞ்சம் தைரியம் வந்தது.

இடையில் போனில் ஒலியின் அதிர்வெண்ணைக் கோடுகளாகக் காட்டும் செயலி ஒன்றில் 2000, 3000 ஆர்பிஎம் இரண்டிலும் பதிவு செய்தேன். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, அதனால் 3000 ஆர்பிஎம்மில் 100 ஹெர்ட்ஸில் ஒரு தடித்த கோடு தெரியும், தெரிந்தது. கரகரப்பின் கோடும் ஆர்பிஎம் ஏறிய அதே விகிதத்தில் ஏறியது, ஆனால் கிராங்க் வேகத்தின் முழு மடங்கிலோ அரை மடங்கிலோ உட்காரவில்லை. வெடிப்பும் வால்வும் தரும் சத்தம் அந்த மடங்குகளில்தான் வரும். பேரிங்கின் குண்டுகள் தரும் சத்தம் பெரும்பாலும் அவற்றுக்கு இடையே எங்காவது விழும். இது மட்டும் ஆதாரம் ஆகாது, ஆனால் என் சந்தேகம் உருளைகளின் மேல் அழுத்தமாக விழுந்தது.

மூன்றாவது வாரம் பிரித்தேன். கூலன்டை வடித்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸ், காற்றுக் குழாய், வாட்டர் பம்ப் புல்லி எல்லாம் கழற்றி, கிராங்க் புல்லியைப் பிடித்திருக்கும் நான்கு சிறிய போல்ட்டுகளை எடுத்தேன். பெல்ட்டை இறக்க மட்டும் என்றால் நடுவில் இருக்கிற பெரிய போல்ட்டைத் தொட வேண்டியதில்லை. அந்த இடத்தில் எட்டு வெட்டுகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு இருந்தால் ஆரம்பகாலக் குட்டை மூக்கு கிராங்க், அதாவது புல்லி மாட்டும் முனை நீளம் குறைந்தது, அது வேறு கவலை. என்னுடையதில் எட்டு.

கவர்களை எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது பெல்ட். எழுத்துகள்கூட அழியாமல் புதிது போல இருந்தது. முன்பு யாரோ பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு உருளைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். கேம் இரண்டிலும் குறிகளைச் சேர்த்து, இரண்டு குறிகளுக்கும் நடுவே பெல்ட்டில் 19 பற்கள் இருக்கின்றனவா என்று எண்ணி, பெயின்ட்டால் புள்ளி வைத்துவிட்டு பெல்ட்டை இறக்கினேன்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளையை விரலால் சுண்டினேன். கொஞ்சம் சுற்றி, கிரீஸ் பிடித்து இழுப்பது போல மெதுவாக நின்றது. பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் இருக்கும் ஐட்லர் உருளையைச் சுண்டினேன், நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது, உலர்ந்த மணிகளை டப்பாவில் போட்டுக் குலுக்கியது போல சரசரவென்று. லேசாகச் சுற்றுவது நல்ல பேரிங் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். சீல் வைத்த பேரிங்கில் கிரீஸ் இருந்தால் அது தடுக்கும். இவ்வளவு சுலபமாகச் சுற்றுகிறது என்றால் உள்ளே கிரீஸ் இல்லை என்று அர்த்தம். சீல் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது.

இரண்டு உருளைகளையும் புதிதாகப் போட்டேன். வாட்டர் பம்பை மாற்ற டைமிங் பெல்ட்டை எடுத்தே ஆக வேண்டும், எனவே அது நன்றாக இருந்தும் கையோடு மாற்றிவிட்டேன், கேம், கிராங்க் முன் சீல்களும் அப்படியே. பெல்ட்டையும் புதிதாகவே போட்டேன். இழுவிசை வைப்பதில்தான் அவசரப்படக் கூடாது. கிராங்கை வலஞ்சுழியாக மட்டும் ஒரு முழுச் சுற்றும் இன்னொரு சுற்றில் ஆறில் ஐந்து பங்கும் திருப்பி, அங்கே டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங் தானாக இழுக்க விட்டு, திரும்ப இறுக்க வேண்டும். முதல் முறை குறியைத் தாண்டிவிட்டேன், பின்னால் திருப்பாமல் ஆரம்பத்திலிருந்து மறுபடி செய்தேன். அப்புறம் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிக் குறிகளைச் சரிபார்த்தேன். இந்த 1.6 இன்ஜினில் பெல்ட் தவறினாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது என்பது ஒரு ஆறுதல்.

ஸ்டார்ட் செய்தபோது தம்பி பானட் பக்கம், நான் ஸ்டீயரிங்கில். 2000, 3000, 4000. அவன் கையை மட்டும் உயர்த்திக் காட்டினான். போனில் அதே இடத்தில் பதிவு செய்து பார்த்தேன், 100 ஹெர்ட்ஸ் கோடு இருக்கிறது, அந்த அலைந்த கோடு இல்லை.

அதன் பிறகு 400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கூலன்ட் ஒரு முறை இறங்கியது, உள்ளே தங்கிய காற்று வெளியேறியதால்தான் என்று நினைக்கிறேன், நிரப்பிய பிறகு அப்படியே நிற்கிறது. குளிர்ந்த இன்ஜினில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பினால் பவர் ஸ்டீயரிங் பெல்ட் கொஞ்சம் கீச்சிடுகிறது. நான்தான் இறுக்கம் குறைவாக வைத்திருக்கிறேன், நாளை காலை பார்க்க வேண்டும்.