ட்ரையாண்ட்ராவில் பூடி பார்க்கப் போகிறீர்களா? முதலில் கார் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ட்ரையாண்ட்ரா காடு சுமார் 170 கிலோமீட்டர்தான். ஆனால் பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில், நகர எல்லைக்கு வெளியே பொழுது சாய்ந்தபின் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கங்காரு குறுக்கே பாய்ந்து பம்பர் நொறுங்கினால் முழுச் செலவும் நம் தலையில். மண் ரோட்டுக்கும் அதே கதைதான். கங்காருவுக்குச் சொந்தமான சின்னப் பிராணியான பூடியோ இருட்டினால்தான் வளையைவிட்டு வரும்! காட்டு விடுதியில் தங்கினாலும் பூடியைப் பார்க்கும் இடமான பார்னா மியாவுக்கு இருட்டில் கொஞ்ச தூரம் ஓட்டியே ஆக வேண்டும். இரவு ஓட்டம், மண் ரோடு இரண்டையும் பற்றிக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு சாவியைத் தொடுங்கள். காட்டுக்குள் கடையும் இல்லை, பங்க்கும் இல்லை. சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் பக்கத்து ஊரான நாரஜினிலேயே.

பார்னா மியா என்பது நரியும் பூனையும் நுழையாதபடி வேலியிட்ட அடைப்பு. முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கையில் சிவப்பு டார்ச் தருவார்கள். சிவப்பு வெளிச்சம் இந்தப் பிராணிகளை அவ்வளவாக மிரட்டாது. ஃப்ளாஷ் கூடாது, போன் திரையையும் அணைத்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் குளிர் எலும்பைத் துளைக்கும், கையுறை அவசியம்.

எல்லோரும் பில்பி என்ற பைப்பாலூட்டிக்காகத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். முயல் காது, கறுப்பு வாலில் வெள்ளை நுனி, அழகுதான். தோண்டும்போது மண் புகாமலிருக்க வயிற்றுப் பை பின்பக்கம் திறந்திருக்கும். வளை திருகிக்கொண்டே இரண்டு மீட்டர் ஆழம்வரை இறங்கும். ஆனால் பயந்தாங்கொள்ளி, தலையைக் காட்டிவிட்டு நழுவிவிடும்.

ஆனால் கொடுத்த காசு வசூலாவது பூடியால்தான். ஒன்றரைக் கிலோ தேறும் குண்டுப் பயல். கங்காரு சொந்தக்காரர்களில் வளை தோண்டிக் குடித்தனம் நடத்துவது இவன் ஒருவன்தான். தீவனம் வைத்ததுமே உறுமிக்கொண்டு ஒன்றையொன்று இடித்துத் தள்ளும், நம் ஷூ மேலேயே ஏறி ஓடும். அசையாமல் நின்றால் போதும். இதே பூடி கடந்த நூற்றாண்டின் நடுவில் பெருநிலத்தில் அடியோடு அற்றுப்போய், பாரோ, பெர்னியர், டோர் போன்ற தீவுகளில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. தீவனத் தட்டையே பார்த்துக்கொண்டிருக்காமல் ஓரங்களையும் கவனியுங்கள். கூட்டுக்குப் புல் சேர்க்கிற பூடி, அதை வாலில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தத்திப் போகும்.