மழை நாள்ல நத்தையோட கிரிக்கெட்

இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் ஜூன்ல மழை புடிச்சா விடவே விடாது, கிரவுண்டு முழுக்க சேறு, ஓங்கி அடிச்சா பந்து நேரா தேயிலைக்குள்ள, அட்டைக்கடி வாங்கிக்கிட்டு யாரு போய் தேடுறது?

அதனால இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணைல) குந்திக்கிட்டு போன்ல கூகுள் டூடுல் கிரிக்கெட், அதான் கூகுள் அதோட லோகோ எடத்துல விட்ட குட்டி கேம். 2017 சாம்பியன்ஸ் டிராபிக்கு விட்டது, இன்னமும் ஓடுது. பேட்டிங் புடிக்கிறது சில்வண்டு, பீல்டிங் நத்தை (நம்ம தோட்ட லயத்து டீம் பீல்டிங்கும் கிட்டத்தட்ட அதேதான்). ஒரே ஒரு பட்டன். டவுன்லோட் இல்ல, லொகின் இல்ல, காசு இல்ல, சிக்னல் ஒரு கோடு காட்டினாலே ஓபன் ஆகிரும், போட்ட டேட்டா ரீலோட் முடியப்போற நேரத்துல இதவிட என்னா வேணும்.

முந்தி டவுன்ல நெட் கபேல பெனால்டி கிக் கேமெல்லாம் வெளையாடுவோம், எல்லாம் பிளாஷ்ங்கிற சாப்ட்வேர்ல ஓடினது, 2020 கடைசியோட பிளாஷ நிப்பாட்டினதும் பாதி கேம காணோம். அந்தக் கடுப்பு இன்னும் போகல.

நேத்து தேயிலைக் கொழுந்த எடை போட்டுட்டு வந்த அப்பாயி, ஈரக்கைய சீலைல தொடச்சிட்டு, "குடுடா பாப்போம்"னு வாங்கி ஒரு தட்டு. சிக்ஸ்! அடுத்த பந்துல போல்டு. இன்னும் போன தரல.